கல்லறை மேல் ஆடியவன்: எய்டன் சேம்பர்ஸின் இளையோர் புதினம்

‘டான்ஸ் ஆன் மை கிரேவ்’ (என் கல்லறை மேல் ஆடு), ஆங்கில எழுத்தாளர் எய்டன் சேம்பர்ஸ் 1982-இல் வெளியிட்ட இளையோர் புதினம். பதின்பருவத் தன்பாலீர்ப்பையும் ஒரு மரணத்தையும் சேர்த்துச் சொன்ன நூல்களின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். இதற்கு முன் வந்த சில நூல்களைப் பார்த்தால் அது விளங்கும்.

அமெரிக்கரான ஜான் டோனவன் 1969-இல் எழுதிய புதினமே இளையோர் நூல்களில் இப்பொருளை நேரடியாகத் தொட்ட முதல் நூல் என்பர். அதில் 13 வயது டேவி தன் வகுப்புத் தோழனை முத்தமிடுகிறான். பின்னர் அவனுடைய நாய் காரில் அடிபட்டுச் சாகிறது. தான் செய்ததற்கான தண்டனை அது என்று டேவி நினைக்கிறான். சாண்ட்ரா ஸ்கொப்பெட்டோன் 1974-இல் எழுதிய கதையில், காதல் வெளிப்பட்டுக் கேலிக்கு ஆளான இரு இளைஞர்களில் ஒருவன், தன்னை மற்றவர்களைப் போன்றவன் என்று காட்ட ஒரு பெண்ணோடு வெளியே சென்று கார் விபத்தில் இறக்கிறான். இருவருமே பரிவோடு எழுதியவர்கள்தாம். ஆனால் இவற்றை அடுத்தடுத்துப் படித்த பிள்ளைக்கு, ‘இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல முடிவே இல்லை’ என்றுதான் தோன்றியிருக்கும்.

சேம்பர்ஸின் கதையிலும் ஒருவன் சாகிறான். அதுவும் சாலை விபத்தில்தான். ஆயினும் அவர் கேட்ட கேள்வி வேறு. ஒரு பையன் கல்லறையைச் சேதப்படுத்திப் பிடிபட்ட பத்திரிகைச் செய்தியோடு நூல் தொடங்குகிறது. அவன் 16 வயது ஹால். இறந்தவன் 18 வயது பாரி. இறந்தது யார், எப்படி என்பதில் மர்மம் இல்லை. ஹால் ஏன் அங்கே ஆடினான் என்பதே மர்மம். அவன் வாய் திறக்க மறுக்கிறான். அவனிடம் உண்மையை அறிய முயலும் சமூகப் பணியாளரின் அறிக்கைகள் இடையிடையே வருகின்றன. பேச முடியாததை எழுதிவிடு என்று தூண்டுபவர் அவனுடைய ஆசிரியர். (சேம்பர்ஸும் கதை நிகழும் சவுத்எண்ட் பகுதியில் ஆசிரியராக இருந்தவர்.)

கடலில் படகு கவிழ்ந்து தத்தளித்த ஹாலைப் பாரி காப்பாற்றுகிறான். ஏழு வாரம் இணைபிரியாமல் திரிகிறார்கள். யார் முதலில் இறந்தாலும் மற்றவர் அவர் கல்லறை மேல் ஆட வேண்டும் என்று பாரி சத்தியம் வாங்குகிறான். காரி என்ற நார்வே நாட்டுப் பெண்ணால் சண்டை மூள்கிறது; ஹால் கோபத்தோடு போய்விடுகிறான்; பாரி மோட்டார் சைக்கிள் விபத்தில் இறக்கிறான். மகன் சாவுக்கு ஹாலே காரணம் என்கிறார் பாரியின் தாய். முந்தைய நூல்கள் நின்ற இடம் இது. சேம்பர்ஸ் இங்கே நிற்கவில்லை. நீ நேசித்தது பாரியையா, நீயே மனத்தில் உருவாக்கிக்கொண்ட ஒருவனையா என்ற கேள்வியைக் காரி மூலம் எழுப்புகிறார். காதலித்த எவருக்கும் பொருந்தும் கேள்வி அது. தன்பாலீர்ப்பு இங்கே குற்றமாகவும் இல்லை, நோயாகவும் இல்லை.

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவை 1967-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே அனுமதித்தது. ஆக ஹாலும் பாரியும் பழகியதே குற்றம். அவன் மௌனத்துக்குத் துக்கமே முதற்காரணம் என்றாலும், 1982-இன் வாசகர் இதையும் அறிந்தே படித்திருப்பார். இந்த வயது வரம்பு 1994-இல் 18 ஆகவும், 2001-இல் 16 ஆகவும் குறைந்தது. இதற்கிடையே 1988-இல், தன்பாலீர்ப்பை உள்ளாட்சி அமைப்புகள் ‘ஊக்குவிக்க’க் கூடாது என்று பிரிவு 28 வந்தது. இங்கிலாந்தில் அது நீங்கியது 2003-இல்தான்.

அதே 1982-இல் அமெரிக்காவில் நான்சி கார்டனின் ‘ஆனி ஆன் மை மைண்ட்’ வெளிவந்தது. அதில் காதலிக்கும் இரு பெண்களும் உயிரோடு இருக்கிறார்கள், இறுதியில் சேரவும் செய்கிறார்கள். 1993-இல் கான்சாஸ் நகரில் இந்நூலை எரித்தார்கள். ஒலாத்தே பள்ளி நூலகங்களிலிருந்து அது அகற்றப்பட்டபோது மாணவர்கள் வழக்குத் தொடுத்து, 1995-இல் வென்றார்கள்.

சேம்பர்ஸின் நூலைப் பதினேழு வயதில் படித்த பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா ஓசோன், 2020-இல் அதை ‘சம்மர் ஆஃப் 85’ என்ற படமாக்கினார். கதை நார்மண்டிக் கடற்கரைக்கு மாறியது, பெயர்களும் மாறின. கல்லறை மேல் ஆடும் காட்சி மட்டும் அப்படியே இருக்கிறது.