கூடப்பாக்கத்துக் கனகாம்பரம்

கனகாம்பரம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் குறுஞ்செடி. இடுப்பு உயரத்தைத் தாண்டுவது அரிது. பளபளக்கும் கரும்பச்சை இலைகளுக்கு மேலே பூங்கதிர் நிமிர்ந்து நிற்கும். பூக்கள் அடியிலிருந்து மேல்நோக்கி விரியும். ஒரு கதிர் பூத்து முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். பூவுக்கு மணமில்லை. ஆனால் பறித்த பிறகும் அது சீக்கிரம் வாடாது. எடையே இல்லாத பூ என்பதால், ஒரு கிலோ சேர 10,000-க்கு மேல் பறித்தாக வேண்டும். மல்லிகையோடும் மருக்கொழுந்தோடும் வைத்துக் கட்டிய சரத்தில் நிறம் என்பது பெரும்பாலும் கனகாம்பரம் தருவதுதான்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் பூவுக்கு என்றைக்கும் தேவை உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலும் பாகூர் மூலநாதர் கோயிலும் அங்கேயே உள்ளன. புதுச்சேரி நகரச் சந்தையும் தொலைவில் இல்லை. வீட்டு முற்றத்திலும் கொல்லையிலும் நின்ற பழைய கனகாம்பரம் விதையில் வளர்ந்தது. அதன் காய் முற்றிக் காய்ந்த பின் ஈரம் பட்டால் படீரென்று வெடித்து விதையைச் சிதறடிக்கும். மழைக்குப் பிறகு தாய்ச்செடியைச் சுற்றி முளைத்த கன்றுகளைப் பிடுங்கி நட்டால் போதும்; நாற்றுக்கென்று காசு செலவழிக்கத் தேவையில்லை.

கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய ‘டெல்லி கனகாம்பரம்’ இந்த வழக்கத்தை மாற்றியது. பூ பெரிது, நிறம் அடர்ந்த செங்கல் சாயல், விளைச்சலும் கூடுதல். சாதாரண வகை ஆண்டுக்கு எக்டேருக்கு 2,000 கிலோ கொடுக்கும் நிலத்தில் இது 2,800 கிலோ வரை கொடுக்கும். ஆனால் விதை கட்டாது. சாதாரணக் கனகாம்பரத்தின் உயிரணுவில் குரோமோசோம்கள் இரட்டைப்படைத் தொகுதிகளாக இருக்கும். டெல்லி வகையில் மூன்று தொகுதியாக 30. மூன்று தொகுதி சரிவர இணைசேர முடியாததால் செடி மலடாகிறது. எனவே தண்டை வெட்டி வேர்விடச் செய்வதே அதைப் பெருக்கும் வழி. புதுச்சேரி வெயிலில் இலையோடு நட்ட குச்சி, வேர் பிடிக்கும் முன்பே காய்ந்துபோகும். இந்தச் சிக்கலிலிருந்துதான் நாற்றங்கால் தொழில் பிறந்தது.

அந்தத் தொழிலில் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த கூடப்பாக்கம் பெயர் பெற்றதற்குக் காரணம் வெங்கடபதி ரெட்டியார். தொடக்கப் பள்ளியைத் தாண்டிப் படிக்காத விவசாயி அவர். நுண்துளியாக நீர் தெளிக்கும் பனிமூட்ட அறைக்குள் இலை வாடாதபடி குச்சிகளை வேர்விடச் செய்து, டெல்லி கனகாம்பர நாற்றைப் பெருமளவில் உற்பத்தி செய்தார். அதோடு அவர் நின்றுவிடவில்லை என்பதுதான் இந்த வரலாற்றின் சிறப்பு. குச்சியில் வந்த செடி தாயின் நகலாகவே இருக்கும். விதை இல்லாததால் கலப்பினச் சேர்க்கையிலும் புது வகை பிறக்க வழியில்லை. எனவே கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு காமா கதிர்வீச்சைப் பயன்படுத்தி மரபு மாற்றத்தைத் தூண்டினார். கதிர்வீச்சில் என்ன மாறும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெரும்பாலான செடிகள் பயனற்றவையாகப் போகும். நிறத்திலோ விளைச்சலிலோ தேறியதை மட்டும் கண்டெடுத்து, மறுபடி குச்சி வெட்டிப் பெருக்க வேண்டும். இதற்குப் பூவை நாள்தோறும் பார்த்துப் பழகிய கண் வேண்டும். அது அவரிடம் இருந்தது. இப்படிப் பல புதிய கனகாம்பர வகைகளை உருவாக்கினார். சவுக்கிலும் மேம்பட்ட வகைகளைத் தந்தார். 2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வயலில் கனகாம்பரம் கேட்பது நீர் தேங்காத மண், இதமான நிழல். டெல்லி வகையை 60 செ.மீ. பாரில் 40 செ.மீ. இடைவெளி விட்டு நடுவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் பூ தொடங்கும்; பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் அதிகாலையில் பறிப்பு. பெரும்பகை நூற்புழு. அது துளைத்த வேரில் வாடல் நோய்ப் பூசணம் எளிதாக நுழைந்து செடியைச் சாய்த்துவிடும். வேப்பம்பிண்ணாக்கு இடுவதும், துலுக்கச் சாமந்தியை மாற்றுப் பயிராக வைப்பதும் நூற்புழுவை மட்டுப்படுத்தும். நாற்றோடு வரும் மண்ணிலும் நூற்புழு ஒளிந்து வருவதால், கன்றை வாங்கும்போதே வேரைப் பார்த்து வாங்க வேண்டும்.