காத்திருப்பின் நீளம்: ‘ஆடாம் & ஹாவா’ தொடரும் அதன் விமர்சனமும்

2012இல் மலேசியாவின் ஆஸ்ட்ரோ முஸ்திக்கா எச்.டி. அலைவரிசையில் 80 பகுதிகளாக ஒளியேறிய ‘ஆடாம் & ஹாவா’ தொடரைப் பற்றி எழுந்த பேச்சைத் திரும்பிப் பார்த்தால், அது மூன்று வழக்கமான தடங்களில் ஓடியது தெரிகிறது. மூல நாவலுக்கு உண்மையாக இருந்ததா என்றார்கள் வாசகர்கள். திரையில் ஆணும் பெண்ணும் நெருங்குவது முறையா என்றார்கள் ஒழுக்கம் பேசியவர்கள். இது இலக்கியமா, வெறும் பொழுதுபோக்கா என்றார்கள் படித்தவர்கள். மூன்றும் தேவையான கேள்விகள்தாம். ஆனால் இந்தக் கதை எதைப் பற்றியது என்பதற்குள் மூன்றும் நுழையவில்லை. இது மறுப்பைப் பற்றிய கதை. ஒரு பெண்ணின் மறுப்பு எவ்வளவு காலம் மதிக்கப்படும் என்பதைப் பற்றிய கதை. அதைச் சொல்ல 80 பகுதிகள் தேவைப்பட்டன என்பதே என் வாதம்.

கதையின் முடிச்சு எளிது. ஆடாம் முக்ரிஸும் ஆயின் ஹாவானியும் ஒரே அறையில் பிடிபடுகிறார்கள். குடும்ப மானம் காக்க அவசரத் திருமணம் நடக்கிறது. அவள் வெளிநாட்டுக்கு விலகிப் போகிறாள்; ஆண்டுகள் ஓடுகின்றன; மண உறவு மட்டும் ஏட்டில் இருக்கிறது. திரும்பி வந்தவளின் மனத்தைக் கணவன் மெல்ல மெல்லத் தேட வேண்டியிருக்கிறது. ஆய்ஷா சோஃபியா எழுதிய இந்த நாவலை வெளியிட்டது ஆலாஃப் 21 பதிப்பகம். ஃபவுசியா அஷாரியின் ‘ஓம்பாக் ரிண்டு’ நாவலும் அதே பதிப்பகத்தின் வெளியீடு என்பதை நினைவில் வைப்போம். அதற்குத் திரும்பி வருவேன்.

கதைக்கு அடியில் ஒரு சட்டம் கிடக்கிறது. கணவன் மனைவியோ நெருங்கிய உறவினரோ அல்லாத ஆணும் பெண்ணும் ஐயத்துக்கு இடமான நிலையில் தனித்திருப்பதைக் ‘கல்வாத்’ என்கிறது மாநில ஷரியா சட்டம். ஜொகூரில் 1997ஆம் ஆண்டின் ஷரியா குற்றவியல் சட்டத்தின்படி இதற்கு 3,000 ரிங்கிட் வரை அபராதமோ, 2 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பிடிபட்டவர்கள் மணந்துகொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. மணக்கச் சொல்வது குடும்பம், அண்டை அயல், ‘மாலு’ என்று மலாய்க்காரர்கள் சொல்லும் அந்த வெட்கம். நாவலும் தொடரும் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. தண்டனையைச் சட்டம் தருகிறது. திருமணத்தை ஊர் தருகிறது. காதலை யார் தருவது என்பது மீதிக் கதை.

மலாய்க் காதல் நாவல்களில் கட்டாயத் திருமணம் இத்தனை முறை வருவதைக் கற்பனை வறட்சி என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அது ஒரு வடிவத் தேவையாகவே படுகிறது. மணத்துக்கு முன் தொடுதலைக் கதை அனுமதிக்காத ஒழுக்கச் சூழலில், காதலின் எல்லாப் படிகளையும் காட்ட ஒரே வழி மணத்தை முதலில் வைத்துவிடுவது. பிறகு தயக்கம், ஊடல், விலகல், நெருக்கம் அனைத்தும் கணவன் மனைவிக்குள் நடக்கின்றன. கதை ஒழுக்கத்துக்குள் நிற்கிறது. ஆனால் நடிப்பவர்கள் உண்மையில் கணவன் மனைவி அல்லர். எழுத்தில் தீர்ந்த சிக்கல் திரையில் மீண்டும் முளைக்கிறது. வாசகியின் மனத்தில் ஆகுமானதாக இருந்த அணைப்பு, இரு நடிகர்களின் உடலில் ஆகாததாகிறது. ஒழுக்கம் பேசிய விமர்சகர்கள் தொட்டது உண்மையான முரணைத்தான். அது எழுத்திலிருந்து திரைக்கு மாறும்போது எழும் முரண் என்பதை அவர்கள் எடுத்துச் சொல்லியிருந்தால் விவாதம் இன்னும் ஆழமாகியிருக்கும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வடிவம் அந்நியமானதல்ல. மணி ரத்னத்தின் ‘மௌன ராகம்’ 1986இல் வந்தது. விருப்பமில்லாமல் மணந்த திவ்யா மணமுறிவு கேட்கிறாள். ஓராண்டு சேர்ந்திருந்துவிட்டு வரச் சொல்கிறது நீதிமன்றம். அந்த ஓராண்டே படம். சட்டம் தந்த காலக்கெடுவுக்குள் காதல் முளைக்கிறது. ‘ஆடாம் & ஹாவா’வில் கெடு விதிக்க யாரும் இல்லை; காலத்தை நாயகியே எடுத்துக்கொள்கிறாள். இந்த வேறுபாடு சிறிதல்ல.

இனி ‘ஓம்பாக் ரிண்டு’. 2002இல் நாவலாக வந்து, ஓஸ்மான் அலியின் இயக்கத்தில் 2011 டிசம்பரில் திரைப்படமாகி, ஒரு கோடி ரிங்கிட்டுக்கு மேல் வசூலித்தது. சிற்றப்பனால் விற்கப்படும் இஸா, தன்னைச் சீரழித்த ஹரிஸிடமே தன்னை மணந்துகொள்ளும்படி கெஞ்சுகிறாள். பிறகு அவனை நேசிக்கிறாள். வன்முறையைக் காதலின் முதற்படியாக்குகிறது என்ற கண்டனம் சரியானது. அதில் எனக்குத் தயக்கமில்லை. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில் ஜெயகாந்தன், மழையில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்ட பெண்ணின் தலையில் அவள் தாயையே தண்ணீர் ஊற்ற வைத்தார். கறை படியவில்லை என்று தாய் சொன்னதும் தமிழ் வாசகப் பரப்பு கொதித்தது. பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அந்தப் பெண் தன்னைக் கெடுத்தவனைத் தேடிக் கண்டடைகிறாள். அங்கும் திருமணம் என்ற பூச்சு இல்லை. கறை என்பதையே ஒப்புக்கொள்ளாத தாய் ஒருபுறம். கறையை மணத்தால் கழுவும் இஸா மறுபுறம். இரண்டு சமூகங்களும் எதைக் கண்டு அஞ்சின என்பதை இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்தால் பார்க்க முடியும்.

இரண்டு மலாய்க் கதைகளிலும் நாயகன் ஆரோன் அஸீஸ். சிங்கப்பூரில் பிறந்து அங்கேயே நடிக்கத் தொடங்கியவர். பாலத்துக்கு இப்பால் ஜொகூர் பாருவில் சிங்கப்பூர் அலைவரிசைகள் நெடுங்காலமாகத் தெளிவாகக் கிடைத்ததால், கோலாலம்பூர் அவரைக் கொண்டாடும் முன்பே எங்கள் ஊர் வீடுகளுக்கு அவர் முகம் தெரியும். 2011இல் ‘கே.எல். கேங்ஸ்டர்’ படத்தில் அடியாளாகவும் ‘ஓம்பாக் ரிண்டு’வில் ஹரிஸாகவும் வந்தவர், அடுத்த ஆண்டே ஆடாமாகக் காத்திருக்கிறார். முரட்டு உடல் அமைதியாக வாசலில் நிற்பதைப் பார்வையாளர்கள் கண்டார்கள். நடிகரின் முந்தைய வேடம் அடுத்த வேடத்துக்குள் நுழைவது திரைக்கே உரிய இயல்பு. நாவலில் அதற்கு இடமில்லை. மூலத்துக்கு உண்மையாக இருந்ததா என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்ட விமர்சனம் இதைக் கவனிக்கத் தவறியது பெரிய இழப்பு.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூலில், காதல் நாவல் வாசகிகள் நாயகனின் கொடுமையைப் பின்னோக்கிப் படித்து, அது காயம்பட்ட அன்பின் வெளிப்பாடு என்று விளங்கிக்கொள்வதைக் காட்டினார். ‘ஓம்பாக் ரிண்டு’ அந்தப் பின்னோக்கிய வாசிப்பை முழுவதும் நம்பியிருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் அது நடந்தாக வேண்டும். எனவே மன்னிப்பு அவசரப்படுகிறது. தொடருக்கு அந்த அவசரம் இல்லை. இழுக்கிறார்கள் என்ற குறை இத்தகைய தொடர்களுக்கு எப்போதும் வருவது. பல தொடர்களில் அந்த இழுவை விளம்பரத்துக்காகத்தான். ‘ஆடாம் & ஹாவா’வில் இழுவையே பொருள். நாவலில் ஒரு பத்தி மாற்றத்தில் ஆண்டுகள் கடந்துவிடலாம். தொடரின் பார்வையாளரோ அந்தப் பெண்ணின் ‘இன்னும் இல்லை’யோடு வாரக்கணக்கில் வாழ வேண்டும். சித்தி நுர்ஹலிசாவும் ஹாஃபிஸும் பாடிய ‘முவாரா ஹாத்தி’ ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் நெருக்கம் வந்துவிடும் என்று தோன்றி, வராமல் போகும்.

இலக்கியமா என்ற மூன்றாவது கேள்விக்கு ஜொகூரில் தனி வரலாறு உண்டு. மலாய் மொழி, இலக்கியத்தின் தராசாகத் திகழும் டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா 1956 ஜூன் 22இல் பாலாய் புஸ்தாக்கா என்ற பெயரில் ஜொகூர் பாருவில்தான் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு கோலாலம்பூர் போனது. அந்தத் தராசில் காதல் நாவல்கள் ‘நோவெல் பிச்சிசான்’. பிச்சிஸ் என்றால் பழைய பத்துக் காசு. நம் ஊர்ப் பேச்சில் மலிவு நாவல். கோத்தா திங்கி மண்ணின் மகன் உஸ்மான் அவாங் ‘ஊடா டான் டாரா’வில் காதலைப் பணக்காரன், ஏழை என்ற பிளவின்மேல் மோதவிட்டார். ஆலாஃப் 21 வகை நாவல்களில் பணக்கார நாயகனே பரிசு. இந்த வகையில் விமர்சகர்களின் குறை நியாயமானது. மாளிகையும் காரும் கேள்வியின்றி வந்து நிற்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் பிச்சிசான் என்று முத்திரை குத்திய கை, பெண்கள் தங்களுக்குள் கைமாற்றிப் படித்த ஒரு பெரிய வாசிப்பு மரபையும் சேர்த்தே மூடிவிட்டது. நம்மிடமும் இதுவே நடந்தது: ரமணிசந்திரனைப் படித்த தோட்டத்துப் பெண்களின் வாசிப்பை நம் இலக்கிய வரலாறுகள் எத்தனை பக்கம் பதிவு செய்திருக்கின்றன?

இயன் ஆங், ‘டல்லாஸ்’ தொடரைப் பற்றி நெதர்லாந்துப் பார்வையாளர்கள் எழுதிய 42 கடிதங்களை வைத்தே ஒரு புதிய ஆய்வுத் துறைக்கு வழி காட்டினார். ஜொகூரில் அத்தகைய வேலையை மொழி எல்லை கடந்து செய்ய வேண்டும். மலாய்த் தொடர்களைத் தமிழ்க் குடும்பங்கள் பார்க்கின்றன. பார்த்ததை வீட்டுத் தமிழில் பேசுகின்றன. எனக்குத் தெரிந்து, அந்தப் பேச்சு இன்னும் எந்த ஆய்விதழின் கண்ணிலும் படவில்லை.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு சாட்சியம். கூலாய்ப் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு ஸ்கூடாயில் என் வீட்டோடு வந்துவிட்ட அம்மா, இந்தத் தொடரை ஒரு பகுதி விடாமல் பார்த்தார். மலாய் அவருக்குச் சந்தை மலாய்தான். கதாபாத்திரப் பெயர்களைக்கூடச் சரியாகச் சொல்லமாட்டார். ஒரு நாள், நான் பொறுமையிழந்து, அவன்தான் இவ்வளவு இறங்கி வருகிறானே, இந்தப் பெண் இன்னுமா மன்னிக்கவில்லை என்றேன். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மன்னிப்பா. அவளுக்கு எப்பத் தோணுதோ அப்ப மன்னிப்பா. உனக்கு என்னா அவசரம்?”