முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு (இலங்கை)

ஆயுத இயக்கங்களில் இருந்தவர்களைத் தடுத்துவைத்துப் பயிற்சியளித்து, பிறகு குடும்பத்தோடு சேர்க்க இலங்கை அரசு நடத்திய திட்டம். பெரும்பாலும் 2009இல் சரணடைந்த தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தினரை ஒட்டியே பேசப்படுகிறது.

இதற்கு முன்னும், 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் பிடிபட்ட மக்கள் விடுதலை முன்னணி இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் முகாம்களில் வைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டனர். 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தை ஒட்டித் தமிழ் ஆயுத இயக்கங்கள் சில தேர்தல் அரசியலுக்கு வந்தன.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, இயக்கத்தில் ஒருநாள் இருந்திருந்தாலும் பெயரைப் பதியுமாறு படையினர் ஒலிபெருக்கியில் அறிவித்ததாகத் தப்பி வந்தோர் பலர் சாட்சியம் அளித்துள்ளனர். வட்டுவாகல், ஓமந்தை, மெனிக் பாம் ஆகிய இடங்களில் பிரித்தெடுக்கப்பட்டவர்கள் 11,000க்கும் 12,000க்கும் இடைப்பட்டோர். அரசின் கணக்குகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. இவர்களில் 594 பேர் சிறார். அவர்கள் அம்பேபுஸ்ஸ, பூந்தோட்டம் முகாம்களில் வைக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் பிறகு இரத்மலானை இந்துக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டு, சீருடை அணிந்து, விட்ட படிப்பைத் தொடர்ந்தனர். 2010 மே மாதத்துக்குள் சிறார் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். திட்டத்தின் சிறந்த பகுதி இதுவே எனலாம்.

பெரியவர்களுக்கு வெலிக்கந்தை, வவுனியா முதலிய இடங்களில் தச்சு, மேசன் வேலை, தையல், சிங்களம், யோகா கற்பிக்கப்பட்டன. 2010 ஜூனில் வவுனியாவில் 53 இணைகளுக்கு ஒரே நாளில் திருமணம் நடந்தது. இந்தி நடிகர் விவேக் ஓபராய் வந்திருந்தார்.

இத்தடுப்புக்கு நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் அடிப்படையாக இல்லை. அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் இரண்டு ஆண்டுவரை நீட்டிக்க முடிந்தது. சர்வதேச சட்ட வல்லுநர்கள் ஆணையம் 2010 செப்டம்பரில் இதைக் கண்டித்தது. உளவியலாளர் ஆரி குருக்லான்ஸ்கி குழுவினரின் ஆய்வு, முழுப் பயிற்சி பெற்றோரிடம் தீவிர மனப்போக்கு குறைந்ததாகக் கூறுகிறது. ஆனால் தடுப்பில் இருப்பவர் ஆய்வாளரிடம் தரும் பதிலை எவ்வளவு நம்பலாம் என்பது விவாதத்துக்குரியது. விடுதலைக்குப் பின்னும் கண்காணிப்பு தொடர்ந்ததாகப் பலர் முறையிட்டனர். முகாமில் போட்ட ஊசியால் சிலர் இறந்ததாக 2016இல் எழுந்த குற்றச்சாட்டு உறுதிப்படவில்லை, அரசு மறுத்தது.

2015இல் முன்னாள் போராளிகள் தொடங்கிய ஜனநாயகப் போராளிகள் கட்சி நாடாளுமன்றத்தில் இடம்பெறவில்லை. 1971இல் கிளர்ச்சி செய்த மக்கள் விடுதலை முன்னணியின் தலைவரோ 2024இல் ஜனாதிபதியானார். 2023ஆம் ஆண்டுப் புனர்வாழ்வுப் பணியகச் சட்டத்தின் மூலவரைவில் இருந்த 'முன்னாள் போராளிகள்' என்ற குறிப்பு, உயர் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து நீக்கப்பட்டது.

முகாம் பதிவேடுகளில் இல்லாதவர்களும் உண்டு. புலிகளின் திருகோணமலை அரசியல் பொறுப்பாளர் எழிலன் உட்படப் பலர், 2009 மே 18 அன்று பிரான்சிஸ் ஜோசப் அடிகளாருடன் சரணடைந்து பேருந்தில் ஏறியதை உறவினர் கண்டனர். அடிகளாரும் திரும்பவில்லை. 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம் எழிலன் குறித்த ஆட்கொணர்வு வழக்கில் அவருடைய மனைவிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன் 2017 பிப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிள்ளைகள் எங்கே என்ற அவர்கள் கேள்விக்கு அரசு இதுவரை பதில் தரவில்லை.