வரிக்கு முன்னே விடும் இடம்

சிறுமுகையில் பட்டுத் தறிகளின்மேல் ஜக்கார்டு அட்டைகள் சங்கிலியாகத் தொங்குவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அட்டையில் துளை சற்றுத் தள்ளி விழுந்தால் சேலையில் பூ மாறிவிடும். கணிப்பொறிக்கு நிரல் எழுதியவர்களும் ஆரம்பத்தில் இத்தகைய துளையட்டைகளோடுதான் மல்லாடினார்கள்.

1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் அட்டைக்கு 80 பத்திகள். ஆணை 7ஆம் பத்தியில் தொடங்கி 72க்குள் அடங்க வேண்டும். எந்திரம் விதித்த கட்டுப்பாடு இது. பின்வந்த அல்கால், சி முதலிய மொழிகள் இக்கட்டை அவிழ்த்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், விடுதலை கிடைத்ததும் மனிதர் தாமாகவே வரிகளை உள்ளே தள்ளி எழுதலாயினர். எந்த வரி எதற்குள் அடங்கியது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்குமல்லவா?

ஆனால் எவ்வளவு தள்ளுவது? லினக்ஸ் குழுவினர் 8 பத்தி என்றனர். 1983இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 2 முதல் 4 வரை தள்ளினால் படிக்க எளிது என்றது. சண்டை ஓயவில்லை.

சண்டையை வளர்த்தது தட்டச்சுப் பொறியிலிருந்து வந்த டேப் விசை. கோப்பில் டேப் ஒரே ஒரு குறிதான். திரையில் அதன் அகலத்தை எடிட்டர் தீர்மானிக்கிறது. ஒன்றில் 8, மற்றொன்றில் 4.

1991இல் வெளியான பைத்தான் மொழி உள்தள்ளலையே இலக்கணமாக்கியது. இனி ஆபத்தைப் பாருங்கள். வகுப்பின் மதிப்பெண்களைக் கூட்டும் நிரல். 4 இடைவெளி தள்ளி, '90க்கு மேலானால்' என்று நிபந்தனை. அதற்குள் 8 இடைவெளி தள்ளி ஒரு வரி. அடுத்து, எல்லா மாணவருக்கும் பொதுவான கூட்டல் வரியை நண்பர் ஒரு டேப் தட்டி எழுதுகிறார். அவர் திரையில் அது நிபந்தனைக்கு நேர்கீழே நிற்கிறது. பழைய பைத்தானோ டேப்பை 8 என்று எண்ணி, கூட்டலை நிபந்தனைக்குள் சேர்த்துவிடும்! பிழைச்செய்தி வராது, விடை மட்டும் தவறும். 2008இல் வந்த பைத்தான் 3 இத்தகைய குழப்பமான கலப்பை ஏற்பதில்லை.

எடிட்டர்கள் இதற்குக் கண்ட வழி, மூன்று சங்கதிகளைப் பிரித்ததுதான்: விசையைத் தட்டினால் கோப்பில் என்ன எழுதுவது, டேப்பைத் திரையில் எத்தனை பத்தியாகக் காட்டுவது, ஒரு படிக்கு எவ்வளவு தள்ளுவது. பில் ஜாய் படைத்த விஐயின் வழிவந்த விம்மில் இம்மூன்றையும் தனித்தனியே அமைக்கலாம். இன்று எடிட்டர்கான்ஃபிக் என்னும் சிறு கோப்பு ஒவ்வொரு குழுவின் வழக்கத்தையும் எடிட்டருக்குச் சொல்லிவிடுகிறது.

பைத்தான் வழிகாட்டி 4 இடைவெளியைப் பரிந்துரைக்கிறது. 2009இல் கூகுள் வெளியிட்ட கோ மொழியின் ஒழுங்குபடுத்தும் கருவியோ டேப்பையே இடுகிறது. எனக்குப் பின்னதே பிடிக்கும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் பார்வைக் குறைவுள்ளவர் தம் திரையில் டேப்பை 2 பத்தியாகச் சுருக்கிக்கொள்ளலாம். கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது.