80 தோல்விகள்

டெக்சாஸில் உள்ள பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணி, அமெரிக்கக் கால்பந்தில் 1989 முதல் 1998 வரை தொடர்ந்து 80 ஆட்டங்களில் தோற்றது. 1991 சீசன் கணக்கைப் பார்த்தால் தலை சுத்தும்: 11 ஆட்டம், எடுத்தது 48 புள்ளி, கொடுத்தது 617.

பலருக்கு இது ஜோக். எனக்கு அதற்கு முந்தைய கணக்குதான் உறுத்துகிறது. 1876-ல் கறுப்பின மாணவர்களுக்காக, முன்பு அடிமைகள் உழைத்த தோட்ட நிலத்தில் தொடங்கிய கல்லூரி இது. பில்லி நிக்ஸ் பயிற்சியில் 1953 முதல் 1964க்குள் ஐந்து முறை கறுப்பினக் கல்லூரிகளின் தேசிய சாம்பியன். கென் ஹூஸ்டன் மாதிரி ஆட்கள் இங்கே ஆடியவர்கள்தான்.

எப்படி இவ்வளவு திறமை ஒரே இடத்தில்? தெற்கின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் அவர்களைச் சேர்க்கவே இல்லை, அவ்வளவுதான். 60களின் கடைசியில் அந்தக் கதவுகள் திறந்தன. பெரிய மைதானம், டிவி, முழு உதவித்தொகை. நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே போனார்கள். போனதில் என்ன தப்பு?

இங்கே பணம் வற்றியது. 1990-ல் அணியே இல்லை. 1991-ல் திரும்பி வந்தபோது உதவித்தொகை கிடையாது. 617 புள்ளி வாங்கியவர்கள் சும்மா ஆடிய பையன்கள்.

1998 செப்டம்பர் 26, லாங்ஸ்டனை 14-12 என்று ஜெயித்தார்கள். சமத்துவம் வந்தது நியாயம். ஆனால் கதவு மூடியிருந்த காலமெல்லாம் அவர்களை வளர்த்த இடத்தின் தலையில்தான் அதற்கான பில் விழுந்தது. பூட்டி வைத்திருந்தவர்களுக்கோ ஜெயிக்க ஆள் கிடைத்தது.