பழங்கல்லின் படியும் வன்தட்டும்

எலவனாசூர்கோட்டைக் கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனைக் கிராமார்த்தநாதேசுவரர் என்று இன்று வழங்குகிறோம். அக்கோயிற் சுவர்களில் உள்ள பழங்கல்வெட்டுகள் அவரை ‘ஊர்பாகங்கொண்டருளிய மகாதேவர்’ என்கின்றன. ஊரையும் இறையானரையூர் என்றே குறிக்கின்றன. இளமையில் அந்த எழுத்துகளை விரலால் தடவிக் கூட்டிப் படிக்க முயன்றவன் நான். கணிப்பொறியில் கோப்புகளைக் காக்கும் முறையைப் பற்றிப் பேச வந்தவன் கோயிற் சுவரில் தொடங்குவானேன் என்று மாணவர்கள் எண்ணக்கூடும். எனக்கு அந்த முறை விளங்கியது அச்சுவரின் துணையால்தான்.

எங்கள் வீட்டில் பாட்டனார் எழுதிய கணக்கேடு ஒன்று இருந்தது. நெல் வரவு, கூலி, கிணறு வெட்டிய செலவு, கல்வராயன் மலையிலிருந்து வந்த கடுக்காய், புளி இவற்றின் விலை என எல்லாம் அதில் உண்டு. தாள்கள் செல்லரிக்கத் தொடங்கவே, 140 பக்கங்களையும் படம் பிடித்துக் கணிப்பொறியோடு இணைத்த ஒரு வன்தட்டில் சேர்க்க முற்பட்டேன். படங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மீண்டும் வந்தபோது அந்தத் தட்டில் கோப்புகளின் பெயர்களே சிதைந்து கிடந்தன. கருவியிலிருந்த மூலப் படங்களையோ, இடம் வேண்டுமென்று நானே அவ்வப்போது அழித்து வந்திருந்தேன். அடுத்த மழைக்காலத்தில் ஏடும் மண்ணாயிற்று. எவரையும் குறை கூறுவதற்கில்லை. தட்டை வாங்கியபோது அதில் என்ன கோப்புமுறை இருக்கிறதென்று நான் கேட்கவேயில்லை.

கோப்புமுறை, அதாவது ஃபைல் சிஸ்டம் என்பது யாது? வன்தட்டு ஒரு பரந்த நிலம். அதில் எந்தக் கோப்பு எந்தெந்தத் துண்டில் இருக்கிறது என்று எழுதி வைக்கும் அடங்கல் கணக்கே கோப்புமுறை. நிலம் அப்படியே இருந்தாலும் அடங்கல் அழிந்தால் உரிமையை நாட்ட வழியில்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் ராமாக் என்ற கணிப்பொறியோடு முதல் வன்தட்டு நிலையத்தை வெளியிட்டது. 50 வட்டத்தட்டுகளில் 50 இலட்சம் எழுத்துகளே கொண்ட பேருருவம் அது. தட்டுகளின் கொள்ளளவு பெருகப் பெருக, அடங்கல் எழுதும் முறையும் ஒரு தனிக் கலையாயிற்று.

என்னைக் கைவிட்டது ஃபேட் என்னும் முறை. 1977-இல் நெகிழ்தட்டுகளுக்கென மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் வகுத்தது. எளியது, ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் அதைப் படிக்கும். துண்டுகளை ஒரு சங்கிலியாகக் கோத்து அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. அவ்வட்டவணைக்கு இரண்டாம் படி ஒன்றும் வழக்கமாக வைத்துக்கொள்கிறது. ஆயினும் பாதி எழுதிய நிலையில் மின்சாரம் நின்றால், என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை இரண்டு படிகளில் எதுவும் சொல்லாது. பழைய யூனிக்ஸ் கணிப்பொறிகளிலும் இதே தொல்லை இருந்தது. இடையூறு நேர்ந்தால் தட்டு முழுவதையும் முதலிலிருந்து கடைசி வரை ஒத்துப்பார்க்க வேண்டும். தட்டு பெரிதானால் அதற்கே மணிக்கணக்காகும்.

இதற்குக் கண்ட தீர்வு நாட்குறிப்பு முறை. அடங்கலைத் திருத்துமுன், செய்யப்போகும் திருத்தத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடுவது; பிறகே அதை நிறைவேற்றுவது. இடையில் விளக்கணைந்தாலும், மீண்டும் எழும் கணிப்பொறி குறிப்பேட்டைப் பார்த்து, நிறைவு பெறாததை முடிக்கும் அல்லது தள்ளும். 1993-இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த என்.டி.எஃப்.எஸ். இவ்வகை. லினக்ஸ் உலகில் 2001-இல் எக்ஸ்ட்3, 2008-இல் எக்ஸ்ட்4 ஆகியவை இதைப் பரப்பின.

சோழர் ஆட்சியை ஊன்றிப் படித்த மாணவருக்கு இது புதுமையாய்த் தோன்றாது. அரசன் வாய்மொழியாக ஓர் ஆணை பிறப்பித்தால், அது அப்படியே ஊருக்குப் போய்விடுவதில்லை. திருமந்திர ஓலை எழுதுவோன் அதை எழுத, ஓலைநாயகங்கள் ஒப்பம் வைக்க, புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்தில் ஏற்றினர். அதன் பின்பே ஊரில் எல்லைக்கல் நடப்பட்டது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இராசராசன் அளித்த செய்தியைக் கூறும் 21 ஏடுகள் கொண்ட பெரிய லெய்டன் செப்பேட்டைப் பாருங்கள். எத்தனை அதிகாரிகளின் பெயர்கள் அதில் வரிசையாக வருகின்றன! வீண் ஆரவாரமென்று நான் ஒரு காலத்தில் அவற்றைத் தாண்டிப் போனதுண்டு.

நாட்குறிப்பு முறைக்கும் ஒரு குறை உண்டு. என்.டி.எஃப்.எஸ். அடங்கலின் திருத்தத்தையே குறித்துக்கொள்கிறது. எக்ஸ்ட்4 முறையும் வழக்கமாக அவ்வாறே. கோப்பின் உள்ளடக்கத்துக்கு அவை பிணை நிற்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லத் தட்டில் ஒரு புள்ளி தானே மாறிவிட்டால், மாறியதென்று சொல்வாரில்லை. பாட்டனார் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘ஆக’ என்று ஒரு கூட்டுத்தொகை போட்டிருந்தார். மேலே ஓர் எண்ணைப் பூச்சி தின்றாலும் அடித்தொகை அதைக் காட்டிக்கொடுக்கும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையை எழுதி, படிக்கும்போதெல்லாம் ஒப்பிடுகிறது. 2009-இல் லினக்ஸில் சேர்ந்த பி.டி.ஆர்.எஃப்.எஸ். முறையும் அவ்வழியதே.

இவ்விரண்டுக்கும் இன்னொரு பண்பு உண்டு. பழைய எழுத்தின் மேலேயே புதியதை எழுதுவதில்லை. வெற்றிடத்தில் புதியதை முற்றும் எழுதி முடித்த பின்பே அடங்கலை அதன்பால் திருப்புகின்றன. இதைப் படித்தபோது எனக்குக் கொள்ளிடக்கரைத் திருமழபாடி நினைவுக்கு வந்தது. இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் அவ்வூர்க் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டான். சுவரை இடிக்குமுன் அதிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். இராசேந்திரனின் 14-ஆம் ஆண்டில், அதாவது 1026-ஐ ஒட்டி, அவை புதுச்சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. படியெடுத்தது தந்தை காலம். பொறித்தது மைந்தன் காலம். இடைப்பட்ட ஆண்டுகளில் அக்கோயிலின் கொடைகளுக்கெல்லாம் அந்தப் புத்தகமே ஆதாரமாய் இருந்திருக்க வேண்டும். நான் கருவியிலிருந்த படங்களை அழித்த அவசரத்தை எண்ணி அன்று வெட்கினேன்.

ஆகவே வீட்டுக் கணிப்பொறிக்கு எது தக்கது? விண்டோஸ் பயன்படுத்துவோருக்கு என்.டி.எஃப்.எஸ். போதும். லினக்ஸ் கொண்டவர், ஒரே தட்டு உடையவர், எக்ஸ்ட்4-ஐத் தயங்காமல் கொள்ளலாம்; நெடுங்காலம் அடிபட்டுத் தேறியது அது. ஃபேட், அதன் வழியில் 2006-இல் வந்த எக்ஸ்ஃபேட் ஆகியவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லும் பைகளே, பெட்டகங்களாகா. மீட்க இயலாத பொருளை வைத்திருப்பவர் இரண்டு தட்டுகள் வாங்கி, இசட்.எஃப்.எஸ். அல்லது பி.டி.ஆர்.எஃப்.எஸ். முறையில் ஒன்றுக்கொன்று பிரதிபிம்பமாக அமைப்பது நன்று. ஒரே தட்டானால் சரிபார்ப்புத் தொகை பிழையைக் காட்டும்; பெரும்பாலும் திருத்தாது. திருத்துவதற்கு நல்ல படி ஒன்று வேறிடத்தில் வேண்டும். அப்படியமைத்தாலும், கை தவறி நாமே அழித்த கோப்பு இரு தட்டுகளிலும் ஒருங்கே அழியும். இடி விழுந்தால் இரண்டுமே போகும். எனவே வேறொரு வீட்டில் தனிப்படி ஒன்று இருக்கவேண்டும்.

கல்வெட்டுகளின் முடிவில் ‘இது பன்மாகேசுவர ரக்ஷை’ என்று எழுதுவது வழக்கம். அடியார் கூட்டம் இதைக் காக்கக் கடமைப்பட்டது என்பது பொருள். எனக்கு வாய்த்த காவல் என் தமக்கையார். கள்ளக்குறிச்சியில் அவர் வீட்டு அலமாரியில் என் படிகளுள் ஒன்று இருக்கிறது. மாதந்தோறும் முதல் ஞாயிறன்று என் வீட்டுத் தட்டுகளிலுள்ள தொகைகளை ஒத்துப்பார்த்து, புதியவற்றைச் சேர்க்க அங்கே செல்வேன்.

சிதைந்த தட்டைப் பழகிய ஒருவரிடம் கொடுத்ததில் 31 பக்கங்கள் மீண்டன. அவற்றுள் 53-ஆம் பக்கம் பாதியே தெரிகிறது. கிணறு வெட்டிய கூலிக் கணக்கு அது. ஆட்களின் பெயர்கள் மேலே நிற்கின்றன. ‘ஆக’ என்று தொடங்கும் இடத்திலிருந்து படம் முழுவதும் சாம்பல் நிறம்.