சொல்வன்மையும் கேட்போர் கடனும்



திருவிழாக் காலங்களில் திருக்கோயில் மண்டபத்திலே சமயச் சொற்பொழிவு நிகழ்தல் இன்று நமக்குப் பழகிய வழக்கு. பேசுபவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு விரிக்கின்றார், கேட்பவர் தலையசைக்கின்றனர், முடிவில், "அவர் சொன்னதே உண்மை" என்னும் எண்ணத்தோடு யாவரும் இல்லம் திரும்புகின்றனர். அங்ஙனம் துணிந்தது எதனால்? பொருளின் மெய்ம்மையாலா, சொல்லிய முறையின் வன்மையாலா? இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற களம் ஒன்று நம் சமய வரலாற்றிலேயே உண்டு. இடம், யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன்கோயில். நாள், 1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. நல்லூர் ஆறுமுக நாவலர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கிய நாள் அது.

அதற்கு முன் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நிலவியது புராணபடன மரபு. கந்தபுராணம் முதலியவற்றை ஒருவர் இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். எதை முன் சொல்வது, எதைப் பின் சொல்வது என்பதைப் பாட்டின் வரிசையே முடிவு செய்யும். கேட்க வந்தவர் முன்னரே அன்புடையவர். ஆதலின் அவரை ஒரு கருத்துக்கு இணங்கச் செய்யவேண்டிய தேவை சொல்வோர்க்கு இல்லை. பயன் சொல்லும் கலையின் நோக்கம் விளக்குதல். இணங்கச் செய்தல் அன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்நிலை மாறிற்று. 1814இல் வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த பாதிரிமார் இலங்கைக்கு வந்தனர். 1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலே பணி தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச்சாலை ஒன்றை அமைத்தது. 1841இல் உதயதாரகை என்னும் பத்திரிகையையும் வெளியிட்டது. அவர்தம் பிரசங்கம் புதுவகையினது. ஒரு பொருளைத் தேர்ந்து, அதனைப் பகுத்து, எளிய வசனத்திலே, எதிரே நிற்பவனை நோக்கி நேரே வினவி உரைப்பது. "நீ ஏன் இதனை வணங்குகின்றாய்? இச்சடங்கினால் வரும் பயன் யாது?" என்று கேட்டால், வழிவழியாக வழிபட்டு வந்தவனுக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாமையால் சமயம் மாறினாரும் உளர். விடை தெரியாமலே மாறாதிருந்தாரும் உளர். இருவர்க்கும் குறை ஒன்றே: ஆராய்ந்து துணிந்த துணிவு இருவரிடத்தும் இல்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஒருபுறமும் பூசை செய்யும் பெற்றோர் ஒருபுறமுமாகக் குடும்பங்கள் பிரிந்த காலத்தில் இக்குறை சிறியது அன்று.

1822இல் நல்லூரிலே பிறந்த நாவலர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் ஆங்கிலப் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரிடம் பயின்றவர், அங்கேயே ஆசிரியராயிருந்தவர், விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் பாதிரியாருக்கு உறுதுணையாக உழைத்தவர். எனவே, இணங்கச் செய்யும் சொல்லின் இயல்பை அவர் உள்ளிருந்தே கண்டறிந்தார். வண்ணார்பண்ணையில் வெள்ளிக்கிழமைதோறும் அவரும் அவருடைய நண்பர் கார்த்திகேசையரும் பிரசங்கித்து வந்தனர். இறைவன் ஒருவனே என்பது, சிவலிங்க வழிபாடு, கொல்லாமை, கள்ளுண்ணாமை, பிறர்மனை நயவாமை, தானம் முதலியவை எடுத்துக்கொண்ட பொருள்கள். ஒரு நூலின் பாட்டு வரிசையைப் பின்பற்றாமல், ஒரு பொருளை நடுநாயகமாக நிறுத்திப் பேசும் முறை இவ்வாறு நம் கோயிலுக்குள் வேரூன்றிற்று. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது.

இனி, கேட்போரை இணங்கச் செய்யும் உரைக்கு உறுப்புக்கள் யாவை என்று காண்போம். கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், கேட்போரை இணங்கச் செய்வன மூன்று என்று வகுத்தார்: சொல்வோனுடைய ஒழுக்கம், கேட்போருடைய மனநிலை, சொல்லிலே அமைந்த காரணம். நம் சித்தாந்திகளோ உண்மையைத் துணிதற்குக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைக் கூறினர். முன்னையது இணங்கச் செய்யும் வழி. பின்னையது அறியும் வழி. இரண்டும் ஒன்றெனக் கொள்ளும் இடத்திலேதான் மயக்கம் பிறக்கின்றது. ஒவ்வோர் உறுப்பாக நோக்கின் இது விளங்கும்.

முதலாவது, வினா. அறியாதவன் அறிதற்பொருட்டு வினவுதல் ஒருவகை. அறிந்தவன் கேட்போரிடமிருந்து விடையை வருவித்தற்பொருட்டு வினவுதல் மற்றொருவகை. "பெற்ற தாயை மறப்பது தகுமா?" என்று ஒருவர் மேடையிலிருந்து வினவினால், நூறு உள்ளங்கள் "தகாது" என்று தமக்குள்ளே சொல்லிக்கொள்ளும். விடையைத் தாமே சொன்னமையால் அக்கருத்தைத் தமதாகவே கொள்வர்; தாம் சொன்னதை மறுக்க மனம் எளிதில் ஒருப்படாது. அதனை அடுத்து, "ஆதலின் யான் கூறும் இதனைச் செய்க" என்று அவர் முடித்தால், தாயன்புக்கும் அச்செயலுக்கும் இயைபு உண்டா என்று பார்ப்பவர் ஒருசிலரே. வினாவின் வன்மை இதுவே. வினாவினால் வரும் ஏதமும் இதுவே. நாவலர் இயற்றிய சைவ வினாவிடையில் வினா வேறுவகையாகப் பயன்படுகின்றது. அங்கே வினாவும் வெளிப்படை, விடையும் வெளிப்படை. மறைந்து நிற்கும் விடை ஒன்றுமில்லை.

இரண்டாவது, மீட்டும் கூறுதல். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலும் ஒன்று. ஏட்டில் எழுதிய நூலுக்கு அது குற்றமே. படிப்பவன் வேண்டுமாயின் முன்னைய ஏட்டைத் திருப்பிக்கொள்வான். மண்டபத்தில் அமர்ந்து கேட்பவனுக்குத் திருப்ப ஏடு இல்லை. ஆதலின், எழுத்தில் குற்றமாவது பேச்சில் துணையாகின்றது. அன்றியும், ஒரு தொடர் மும்முறை செவியில் வீழ்ந்தால் பழகியதாகின்றது. பழகியது மெய்யானது போலத் தோன்றுகின்றது. பழக்கம் வேறு, மெய்ம்மை வேறு. நினைவில் நிறுத்துதற்கு மீட்டும் கூறுதல் நன்று. காரணம் இல்லாத இடத்தை நிரப்புதற்கு அதனைக் கொள்ளுதல் தீது.

மூன்றாவது, முரண்பட நிறுத்துதல். இருளும் ஒளியும், நஞ்சும் அமுதும், அழிவதும் நிலைப்பதும் என இரண்டை எதிரெதிரே வைத்தால், சொல்ல வந்தது உடனே விளங்கும். அணி நூலார் இதனைப் போற்றுவர். ஆனால் உலகில் இரண்டுக்கு இடைப்பட்டன பல உள. "எம்மோடு நில்லாதவர் அனைவரும் எம் பகைவர்" என்னும் சொல்லிலே முரண் அழகாக அமைந்திருக்கும்; நண்பரும் அல்லாத பகைவரும் அல்லாத பெரும்பான்மையோர் அதிலே காணாமற் போவர்.

நான்காவது, உவமை. நம் பிரசங்க மரபிலே மிகுதியாக வழங்குவது இதுவே. உயிரையும் உடலையும் பறவைக்கும் கூட்டுக்கும் உவமித்தால் சிறுபிள்ளைக்கும் விளங்கும். விளங்குதல் ஒன்று, நிறுவப்படுதல் மற்றொன்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையிலே பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் உறுப்புக்கள் கூறப்படுகின்றன. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை உண்மையால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். ஏதுவை நீக்கிவிட்டு அடுக்களையை மட்டும் காட்டினால் மலையில் நெருப்புப் பிறவாது. உவமையை மட்டும் கேட்டு மகிழ்ந்து எழுபவர், "ஏது யாது?" என்று ஒருமுறை தம்மைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

ஐந்தாவது, தடைவிடை. எதிரியின் கொள்கையை முதலில் எடுத்துக் கூறிப் பின்னர் மறுத்தல் நம் ஆசிரியர் கையாண்ட பழைய நெறி. அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்தமை இதற்குச் சான்று. நாவலர் 1854இல் வெளியிட்ட சைவதூஷணபரிகாரம் இந்நெறியைப் புதிய களத்திலே செலுத்தியது. கோயில், விளக்கு, தூபம், திருமுழுக்கு, திருவிழா ஆகியவற்றை வீண் சடங்குகள் என்று பாதிரிமார் பழித்தனர். அவர்தம் வேதத்தின் பழைய ஏற்பாட்டிலேயே ஆலயமும் பலிபீடமும் விளக்கும் தூபமும் அபிஷேகத் தைலமும் திருவிழாக்களும் விதிக்கப்பட்டிருத்தலை நாவலர் எடுத்துக்காட்டினார். எதிரியின் நூலைக்கொண்டே எதிரிக்கு விடை கூறுதல் இது. விவிலியத்தை ஊன்றிக் கற்றவர்க்கே இது கைகூடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. "நீர் பழிப்பது உம்மிடத்தும் உளது" என்று காட்டுதல், பழித்தவர் தம் கூற்றிலே மாறுபடுகின்றார் என்பதை மட்டும் நிறுவும். நம் கொள்கை மெய் என்பதைத் தானாக நிறுவாது. அண்டை வீட்டாரும் கடன்பட்டிருக்கின்றார் என்றால் நம் கடன் தீர்ந்துவிடுமா? பரபக்கம் முடிந்தபின் சுபக்கம் வேண்டும் என்பது அதனாலேதான். நாவலரும் மறுப்போடு நில்லாமல், சிவாகமக் கொள்கைகளைச் சைவர்க்கு வசனத்திலே தனியே விளக்கி எழுதினார். பிற சமயத்தைப் பழித்துக் கைத்தட்டல் பெற்று அவ்வளவிலே அமைகின்ற பேச்சு, பாதி வேலையை முழுவேலை என்று காட்டுவதாகும்.

ஆறாவது, சொல்வோனுடைய ஒழுக்கம். 1848இல் நாவலர் சம்பளம் தந்த மிஷன் பாடசாலைத் தொழிலை விடுத்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1877இல் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தார். தானத்தைப் பற்றிப் பேசியவர் தானம் செய்யவும் கண்டமையால் அவர் சொல் மக்களிடத்தே ஏறிற்று. அவ்வாறாயினும், ஒருவருடைய ஒழுக்கம் அவர் கூறிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று ஆகாது. சாதி வேறுபாடு குறித்து நாவலர் கொண்ட நிலையை இக்காலச் சைவர் பலர் ஏற்பதில்லை. அதனால் அவர் செய்த தொண்டு குறைவதும் இல்லை. அத்தொண்டினால் அந்நிலை சரியென்று ஆவதும் இல்லை. பெரியோரைப் போற்றுதலும் அவர் கூற்றை ஆராய்தலும் ஒருசேர நிகழக்கூடியன.

இவ்வாறு வினா, மீட்சி, முரண், உவமை, தடைவிடை, ஒழுக்கம் என்னும் ஆறும் இணங்கச் செய்யும் சொல்லுக்குக் கருவிகளாகின்றன. கருவிக்குத் தனக்கென ஒரு பக்கம் இல்லை. மருத்துவன் கையிலும் கத்தி உண்டு. கள்வன் கையிலும் கத்தி உண்டு. (இதுவும் ஓர் உவமையே, ஆதலின் ஏதுவையும் கூறிவிடுகின்றோம். இக்கருவிகள் ஒவ்வொன்றும் கேட்போருடைய விடையையோ பழக்கத்தையோ அன்பையோ துணையாகக் கொண்டே தொழிற்படுகின்றன. பேசும் பொருள் மெய்யாயினும் பொய்யாயினும் அத்துணை ஒரே வகையாகக் கிடைக்கின்றது.) எனவே, சொல் நயத்தைக் கொண்டு மெய்யும் பொய்யும் பிரித்தறிதல் இயலாது.

பின்னர் எதனைக் கொண்டு அறிவது? சொல்பவர், தம் சொல்லைச் சோதிக்கும் வழியைக் கேட்போர் கையிலே கொடுக்கின்றாரா என்பதைக் கொண்டு அறியலாம். நாவலருடைய வரலாற்றிலே யாம் மிகப் பெரிதாகக் கருதுவது இது. அவர் மேடைப் பேச்சோடு நின்றாரல்லர். 1849இல் சென்னப்பட்டணம் சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். பால பாடங்களை அச்சிட்டார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். வாக்கியம் எங்கே முடிகின்றது, வினா எங்கே நிற்கின்றது என்பவை படிப்பவனுக்குத் தெளிவாகும்படி நிறுத்தக்குறிகளையும் பயன்படுத்தினார். வெள்ளிக்கிழமை மாலையில் கேட்டவன் சனிக்கிழமை காலையில் நூலைத் திறந்து, தான் கேட்டது சரியா என்று பார்க்க இயன்றது. குரலின் எழுச்சியும் கூட்டத்தின் ஆரவாரமும் அடங்கியபின், அச்சிட்ட தாளிலே எஞ்சி நிற்பது எதுவோ அதுவே பொருள்.

ஆதலின், அன்பர்களே, கேட்போர் கடன் என்று மூன்றைச் சொல்லுவோம். பேச்சைக் கேட்டபின் அதன் சாரத்தை அலங்காரம் இல்லாத ஒரு வாக்கியமாக உங்கள் வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள். சொல்ல இயலாவிடின், பொருள் இருந்ததா என்று ஐயுறுங்கள். அவ்வாக்கியத்துக்கு ஏது யாது என்று வினவுங்கள். மேற்கோள் காட்டப்பட்ட நூலை எடுத்துப் பாருங்கள். இச்சோதனைக்குப் பிறர் மேடைகள் மட்டும் உரியன அல்ல. இம்மண்டபத்து மேடையும் உரியது. இங்கே நின்று பேசும் எம்போல்வாரும் அவ்வாறு கருவிகளையும் எடுத்தே ஆளுகின்றோம். எம்மைச் சோதிக்கும் கேள்வியாளர் எமக்குப் பகைவர் அல்லர். எம்மை நெறியில் நிறுத்தும் துணைவர்.

ஆராயாது ஏற்ற கொள்கை, அடுத்து வரும் நாவலன் ஒருவனால் ஆராயாமலே கைவிடப்படும். யாழ்ப்பாணத்திலே ஒரு தலைமுறை கண்ட உண்மை இது. ஆராய்ந்து ஏற்ற அன்பே அசையாதது. அவ்வன்பு நம் அனைவர்க்கும் வாய்க்கத் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.